இரண்டு தட்டுகள், ஒரே பெயர்

ஒன்பது என்றது தராசு. நான் எண்ணினேன், பத்து இருந்தது. ஒரு கட்டு என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அன்று காலையில் மட்டும் பதினான்கு கட்டுகள் அப்படி வந்தன.

என் வீடு ராஜபாளையத்தில், மகனோடு. மகளைக் கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். அவள் தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பேண்டேஜ் துணித் துண்டு மடிக்கும் வேலை நடத்துகிறாள். சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து வெளுத்த துணி வரும். அதை வெட்டி, எட்டு மடிப்பாக மடித்து, பத்துப் பத்தாக நூலால் கட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். மடிக்கிற பெண்கள் ஆறு பேர்.

துண்டுகள் போவது ஆஸ்பத்திரிகளுக்கு. ஆபரேஷனின்போது ரத்தத்தை ஒற்றி எடுக்க வைத்திருப்பார்கள். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் துண்டுகளை எண்ணுவார்கள்: பிரித்த கட்டுகள் எத்தனை, திரும்பி வந்த துண்டுகள் எத்தனை என்று. ஒன்று குறைந்தால் அது உள்ளே தங்கிவிட்டதோ என்று தேட வேண்டும். கட்டிலேயே ஒன்பதுதான் இருந்தது என்றால், இல்லாத துண்டை ஒரு மனிதரின் வயிற்றுக்குள் தேடுவார்கள். பதினொன்று இருந்தால் இன்னும் மோசம். ஒன்று உள்ளே தங்கிப்போனாலும் வெளியே கணக்குச் சரியாக வந்துவிடும். ஆகவே பத்து என்றால் பத்து. என் மகள் இதைச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெண்களின் காது புளித்திருந்தது.

நான் நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணுவதுதான் என் பிழைப்பு. கறுப்புப் பலகையில் நூலைச் சுற்றி வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, எத்தனை முடிச்சு, எத்தனை தடித்த இடம், எத்தனை மெலிந்த இடம் என்று எண்ணி எழுதுவேன். ஓய்வு பெற்ற பிறகும் கண் அந்த வேலையை விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவேன். கல்யாண வீட்டில் எதிர் இலைக்காரருக்கு எத்தனை வடை வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் ‘லெக்கல தாத்தா’, கணக்குத் தாத்தா. என் மருமகளுக்கு இது சிரிப்பு. எனக்கும் முன்பெல்லாம் சிரிப்புத்தான்.

சிரிப்பு நின்றது என் அண்ணனைப் பார்த்த பிறகு. அவர் என்னைவிடப் படித்தவர், கூட்டுறவு அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். கடைசிக் காலத்தில் ஒருநாள் நான் போயிருந்தபோது, சாப்பிட உட்கார்ந்தவர்கள் நாங்கள் நாலு பேர். அண்ணன் ஏழு தட்டு வைக்கச் சொன்னார். அண்ணி நாலு வைத்தார். அவர் கோபத்தோடு எழுந்து, தாமே போய் மூன்று தட்டு எடுத்துவந்து வைத்தார். எண்ணிப் பார்த்துத் திருப்தியாக உட்கார்ந்தார். காலித் தட்டுகள் எங்களுக்கு நடுவே இருந்தன. அவற்றைத் தாண்டிக் கை நீட்டிப் பரிமாறிக்கொண்டு சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அவருடைய எண்ணிக்கை எதுவும் தேறவில்லை.

நானும் அந்த வழியில் போகிறேனோ என்ற பயம் எனக்கு உண்டு. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பிவந்து இழுத்துப் பார்ப்பேன். கேட்ட கேள்வியையே கேட்கிறேன் என்று மகன் சொல்கிறான். மதுரையில் இதற்கென்று ஒரு டாக்டர் இருக்கிறார், ஒரு நடை போய்க் காட்டிவிடலாம் என்று பல தடவை கூப்பிட்டுவிட்டான். என் எண்ணிக்கை சரியாக இருக்கும் வரை எனக்கு டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் என்னைக் கொட்டகைக்கு வரச் சொன்னது இதெல்லாம் தெரிந்துதானோ என்னவோ. “வீட்டுல சும்மா உக்காந்து ஜன்னல் கம்பிய எண்ணுறதுக்கு, இங்க வந்து துண்ட எண்ணுங்கப்பா. புண்ணியமாப் போகும்” என்றாள். காலைச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறுவேன். மடவார்விளாகம் தாண்டியதும் எழுந்து நின்றுகொள்வேன். கண்டக்டர், “இன்னும் ஸ்டாப்பு வரல பெரியவரே, உக்காருங்க” என்று அலுத்துக்கொள்வார். உட்கார்ந்தால் இறங்க மறந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம்.

கொட்டகையில் ஒரு மின்தராசு. அது கணினியோடு இணைந்தது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் படித்தவள். தராசுக்கான புரோகிராமை அவளே எழுதினாள். மடித்துக் கட்டிய கட்டைத் தட்டோடு தராசில் வைக்க வேண்டும். கணினி மொத்த எடையிலிருந்து தட்டின் எடையைக் கழித்து, மீதியை ஒரு துண்டின் எடையால் வகுத்து, எத்தனை துண்டு என்று திரையில் காட்டும். பத்து என்றால் பச்சை, வேறு எதுவானாலும் சிவப்பு. சிவப்பு விழுந்த கட்டு என் மேசைக்கு வரும். நான் பிரித்து எண்ணி, கூடுதல் குறைச்சலைச் சரிசெய்து, திரும்பக் கட்டிப் பெட்டியில் போடுவேன். என் கட்டு தனியாகத் தெரியும், ஆலையில் பழகிய முடிச்சு அது.

முதலில் சில வாரங்கள் ஒரு குழப்பமும் இல்லை. சிவப்பு விழுந்த கட்டில் ஒன்பதோ பதினொன்றோ இருக்கும். தராசு சொன்னதையே என் விரலும் சொல்லும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு கட்டும் என் மூளைக்கு யாரோ சரி போட்டுக் கொடுப்பது மாதிரி.

பிறகுதான் இந்தப் பதினான்கு கட்டுகள். எல்லாம் ஒன்பது என்றது தராசு, எல்லாவற்றிலும் பத்து இருந்தது. அவை பெரிய துண்டு மடிக்கும் மேசையில் மூத்தவரான, மகாராஜபுரத்திலிருந்து வருகிற அம்மா கட்டியவை. அவர் தலையை நீட்டிப் பார்த்தார்.

“என்னங்கய்யா, பத்தக் கட்டிக் குடுத்தா அது ஒம்பதுங்குது. ஒம்பதுங்குறத நீங்க பத்துங்குறீக. ரெண்டு பேருல யாருக்குக் கண்ணாடி மாத்தணும்?”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். மகளும் சிரித்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

“செத்த நிதானமா எண்ணுங்கப்பா.”

“நிதானமாத்தான் எண்ணினேன்.”

“கட்டப் பிரிக்கையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு வரும். ஒண்ண ரெண்டுன்னு எண்ணிருவோம்.”

“ரெண்டை ஒண்ணுன்னுதாம்மா எண்ணத் தோணும். ஒண்ணை ரெண்டுன்னு யாரு எண்ணுவா?”

அவள் கணினிப் பக்கம் திரும்பிப் போனாள். அந்தப் பதினான்கில் ஒன்றை மட்டும் பெட்டியில் போடாமல் ஒதுக்கி வைத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் திரும்பிய பிறகு அதைத் தட்டில் வைத்துத் தராசுக்குக் கொண்டுபோனேன். பச்சை. பத்து.

“இப்பப் பத்துங்குதே” என்றாள் மகள். “நீங்க ஒண்ணு சேத்திருப்பீங்கப்பா.”

“சேக்கலியே.”

“சேத்துட்டு மறந்திருப்பீங்க. அதனால என்ன, கட்டு சரியாத்தான இருக்கு.”

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அண்ணி என் அண்ணனிடம் பேசியதும் கிட்டத்தட்ட அந்தக் குரலில்தான். அன்று திரும்பிப் போகும் பஸ்ஸில் நின்றவர்களை நான் எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருந்தது.

அடுத்த நாட்களிலும் இதே கதை. காலையில் கொஞ்ச நேரம் தராசும் நானும் ஒன்றாகப் போவோம். பிறகு பிரிவோம். சாப்பாட்டுக்குப் பிறகு சமாதானம். பிறகு மறுபடி பிரிவு. சில கட்டுகள் பத்து என்று தேறிவிடும், பக்கத்துக் கட்டு ஒன்பது என்று விழும்.  நான் எண்ணும்போது மகள் வேறு வேலை பார்ப்பது போல ஓரக்கண்ணால் என் விரல்களைப் பார்ப்பது தெரிந்தது. மகனிடம் போனில் பேசியிருக்கிறாள் போல. அவன் மதுரைப் பேச்சை மறுபடி எடுத்தான்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் புரிந்தது. என்னைப் பற்றி நானே தீர்ப்புச் சொல்ல முடியாது. மறந்துபோனவனுக்கு மறந்தது எப்படித் தெரியும்? ஆலையில் ஒரு கருவி மேல் சந்தேகம் வந்தால், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம். அளவு தெரிந்த ஒரு மாதிரியை எடுத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே திரும்பத் திரும்ப வைத்துப் பார்ப்போம். மாதிரி மாறாது. ஆகவே விடை மாறினால் மாறுவது கருவி.

ஒரு காலையில் மகளையும் மகாராஜபுரத்து அம்மாவையும் கூப்பிட்டேன். சிவப்பு விழுந்த ஒரு கட்டை அவர்கள் முன்னால் பிரித்தேன். மூன்று பேரும் தனித்தனியாக எண்ணினோம். மூன்று பேருக்கும் பத்து. ஒரு சிவப்பு நூலால் அதை இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டேன்.

“இத நான் உட்பட ஒருத்தரும் அவுக்கக் கூடாது” என்றேன்.

“கங்கணம் கட்டியாச்சு. இனி காப்பு அவுக்குற வரைக்கும் ஐயா ஊரத் தாண்ட முடியாது” என்றார் அந்த அம்மா.

அன்று முழுக்க, யாராவது தராசைப் பயன்படுத்திவிட்டுப் போனதும் நான் போய் அந்தக் கட்டைப் பெரிய மேசையின் தட்டில் வைத்து எடை பார்த்தேன். பார்த்ததைத் தகரச் சுவரில் சாக்பீஸால் குறித்தேன், என் தலைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. பத்து, பத்து, பத்து. பிறகு ஒன்பது. அதன் பிறகு ஒன்பதுதான், சாப்பாட்டு நேரம் வரை. சாப்பாட்டுக்குப் பிறகு பத்து, பத்து. பிறகு ஒன்பது.

பத்து ஒன்பதாக மாறிய இரண்டு தடவையும் அதற்குச் சற்று முன்னால் தராசுக்கு வந்துபோனது யார் என்று யோசித்தேன். இரண்டு தடவையும் சின்ன மேசைப் பெண். சின்னத் துண்டு என்பது அந்த மாதம்தான் புதிதாக ஆரம்பித்த வேலை. பல் வைத்தியத்துக்குப் போகிற, கால் பங்கு அளவுத் துண்டு. அதற்குத் தனி மேசை, தனித் தட்டு. அதில் பஞ்சுத்தூசி அதிகம் ஒட்டும் என்பதால் ஒவ்வொரு தடவையும் காலித் தட்டை எடைபோட்டுவிட்டுத்தான் கட்டை வைக்க வேண்டும். பெரிய மேசைத் தட்டைக் காலையில் ஒரு தடவையும், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவையும்தான் காலியாக எடைபோடுவார்கள்.

மகளைச் சுவர்ப் பக்கம் கூட்டிவந்து காட்டினேன்.

“சின்னத் துண்டு வந்துட்டுப் போனா, பொறவு பெரிய துண்டுக்குப் புத்தி மாறிருதும்மா.”

அவள் சுவரைப் பார்த்தாள். சிவப்பு நூல் கட்டைப் பார்த்தாள். கணினியின் முன்னால் உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தாள். மேலிருந்து கீழே ஓட்டினாள். ஓரிடத்தில் நிறுத்தி, நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“ஐயோ அப்பா.”

“என்ன?”

“ரெண்டு தட்டுக்கும் ஒரே பேரு வச்சிருக்கேன்.”

நான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அது முழுதாகப் புரிய வேண்டும் என்றேன். பாதி புரிந்தால் எனக்குத் தூக்கம் வராது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். புரோகிராம் என்பது சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து எழுதப்படுவது. ஒவ்வொரு வேலையையும் ஓர் அறை என்று வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர்காரர்கள் அதை ஃபங்ஷன் என்கிறார்கள். ஒரு ஃபங்ஷனுக்குள் ஒரு எண்ணுக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயர் அதற்குள்ளே மட்டும்தான் செல்லும். வேலை முடிந்ததும் அந்த எண்ணும் அழிந்துவிடும். பக்கத்து ஃபங்ஷனில் அதே பெயர் இருந்தாலும் அது வேறு ஆள், இதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே, மேலே, ஒரு பெயரை எழுதினால் அது பொது. உள்ளே இருக்கிற எல்லாரும் அதைப் பார்க்கலாம். ஒரு பெயர் எதுவரை செல்லும் என்கிற இந்த விஷயத்துக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரையெல்லை என்று பெயர் போட்டிருக்கிறார்களாம். நல்ல சொல்.

“அப்ப உள்ள இருக்கிறவன் வெளியே உள்ளதப் பாக்கலாம். வெளிய இருக்கிறவன் உள்ள பாக்க முடியாது.”

“ஆமாப்பா.”

“பாக்கலாம் சரி. மாத்தலாமா?”

“அங்கதான் நான் வழுக்குனேன்” என்றாள்.

காலித் தட்டை எடைபோடுவது ஒரு ஃபங்ஷன். கட்டை எடைபோடுவது இன்னொரு ஃபங்ஷன். முதலாவதில் அவள் ‘தட்டு’ என்று பெயர் வைத்து எடையை எழுதியிருக்கிறாள். அது உள்ளே உண்டாகி, உள்ளேயே அழிந்துபோனது. இரண்டாவது ஃபங்ஷன் மேலே பொதுவில் இருக்கிற ‘தட்டு’ என்கிற பெயரைப் பார்த்தது. அங்கே பழைய பூஜ்யமே இருந்தது. எழுத ஆரம்பித்த காலத்தில் ஒரு மத்தியானம் முழுக்க இதோடு போராடியிருக்கிறாள். கடைசியில் ‘இந்தத் தட்டு பொதுத் தட்டு’ என்று அறிவிக்கிற ஒரு வரியை உள்ளே சேர்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. உள்ளே இருக்கிறவன் வெளியே உள்ளதை மாற்ற அந்த வரி அனுமதி கொடுக்கிறது. ஒரே மேசை இருந்தவரை அதனால் தொந்தரவு இல்லை. சின்ன மேசை வந்தபோது அந்த இரண்டு ஃபங்ஷன்களையும் அப்படியே நகல் எடுத்து, துண்டின் எடையை மட்டும் மாற்றியிருக்கிறாள். ‘தட்டு’ என்கிற பெயரும், அந்த அனுமதி வரியும் நகலோடு வந்துவிட்டன. ஆகவே சின்ன மேசைக்காரி தன் தட்டை எடைபோட்ட நிமிஷமே, பெரிய மேசையின் கழிவும் மாறிவிட்டது.

“ரெண்டு தட்டும் ஒரே கடையில வாங்குனதுதான?” என்றாள்.

“ஒரே கடையிலதாம்மா வாங்கினே, நான்தான கூட வந்தேன். ஒண்ணுக்கு விளிம்பு தடிப்பு.”

எடை போட்டோம். வித்தியாசம் ஒரு பெரிய துண்டின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதனால்தான் கொஞ்சம் கனமான துணியில் வந்த கட்டுகள் பத்து என்று தப்பித்துக்கொண்டன, மெலிந்த துணியில் வந்தவை ஒன்பது என்று விழுந்தன. அதற்குள் மகள் வேறு ஒன்றை யோசித்திருந்தாள். அவள் முகம் மாறியது.

“அப்பா, பத்து ஒம்பதாத் தெரிஞ்சா, பதினொண்ணு பத்தாத் தெரிஞ்சிருக்கும்.”

பச்சை விழுந்து பெட்டிக்குள் போன கட்டுகளில் பதினொன்று இருக்கலாம். நல்ல வேளையாக, சின்ன மேசை தொடங்கிய பிறகு கட்டிய பெட்டிகள் எல்லாம் கிருமி நீக்கத்துக்குப் போகாமல் கொட்டகையிலேயே அடுக்கியிருந்தன. அத்தனையையும் மறுபடி எடைபோட வேண்டும் என்றாள். பெண்கள் முணுமுணுத்தார்கள். அவள் புரோகிராமைத் திருத்த உட்கார்ந்தாள். அந்த அனுமதி வரிகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மேசையின் தட்டு எடையும் அந்தந்த மேசையின் வேலைக்குள்ளேயே கைமாறுகிற மாதிரி எழுதினாள்.

எனக்கு ஆலை ஞாபகம் வந்தது. எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரே ஒரு கரும்பலகை. முதல் ஷெட்டின் ஈரப்பதத்தை அதில் எழுதுவார்கள். இரண்டாவது ஷெட் கட்டிய பிறகு அவர்களும் அதிலேயே அழித்து எழுத ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் வந்து பார்த்து, தண்ணீர்ப் புகையைக் கூட்டியும் குறைத்தும் விடுவார்கள். முதல் ஷெட்டில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பஞ்சைக் குறை சொன்னோம், ஓட்டுகிறவர்களைக் குறை சொன்னோம். பலகையை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்த பிறகுதான் சண்டை தீர்ந்தது. மகளிடம் சொன்னேன். “அதேதான்ப்பா” என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“வேலை முடிஞ்சதும் உள்ள இருக்கிற எண் அழிஞ்சிருமுன்னியே. அது மறதி இல்லியா?”

“மறக்கத்தான்ப்பா வேணும். மறந்தாத்தான் அடுத்த கட்டுக்குச் சுத்தமா ஆரம்பிக்க முடியும். மறக்காமத் தூக்கிட்டு வந்ததுதான இத்தன வில்லங்கம்.”

அவள் தட்டைப் பற்றித்தான் சொன்னாள். நான் என்னைப் பற்றி யோசித்துக்கொண்டேன். காலையில் பஸ்ஸில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது சாயங்காலம் நினைவில்லை என்றால் எனக்கு வியர்த்துவிடும். எண்ணிய எதையும் நான் கீழே போட்டதில்லை. எல்லாவற்றையும் மேலே, பொதுவில், எழுதி வைத்துக்கொண்டு, ஒன்று காணாமல் போனாலும் மூளை போய்விட்டது என்று பதறிக்கொண்டிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதோடு பஸ்ஸின் கணக்கு முடிந்தது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அண்ணனையும் நினைத்தேன். அவர் வைத்த ஏழு தட்டு தப்பான எண்ணிக்கை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எங்கள் அப்பா, அம்மா, சின்ன வயதிலேயே போய்விட்ட தங்கை, மூன்று பேரையும் அன்று உட்கார்ந்த நாலு பேரோடு சேர்த்தால் ஏழு. அவருடைய எண்ணிக்கை சரியாகவே இருந்திருக்கிறது. எப்போதோ முடிந்துபோன ஒரு வீட்டின் எண், அழியாமல் இந்த வீட்டுக்குள் வந்துவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை. அவ்வளவுதான். அன்று அது புரிந்திருந்தால் அந்த மூன்று தட்டிலும் நானே சோறு போட்டிருப்பேன்.

மறுநாள் எல்லாக் கட்டுகளையும் திருத்திய தராசில் போட்டார்கள். பச்சை விழுந்திருந்த பழைய கட்டுகளில் மூன்றில் பதினொன்று இருந்தது. மகள் அந்த மூன்றிலிருந்தும் ஒவ்வொரு துண்டை உருவித் தனியாக வைத்தாள். பிறகு என் கட்டுகள் வந்தன. தராசு ஒன்பது என்று சொல்லி, நான் பத்து என்று திரும்பக் கட்டியவை. ஆலை முடிச்சை வைத்துப் பொறுக்கி எடுத்தார்கள். அறுபத்து மூன்று இருந்தன. நான் மேசைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, திரை தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

பச்சை. பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் என் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மகாராஜபுரத்து அம்மா, “ஐயா மாப்பிள கணக்கா உக்காந்திருக்காக பாரு” என்றார். நாற்பது தாண்டியது. ஐம்பது தாண்டியது. ஐம்பத்து எட்டாவது கட்டுக்குச் சிவப்பு விழுந்தது.

மகள் தட்டை எடுத்து, காலியாக எடைபோட்டு, கட்டைத் திரும்ப வைத்தாள். சிவப்பு. பிரித்து எண்ணினாள். பக்கத்தில் கிடந்த துண்டுகளின் பக்கம் அவள் கை போயிற்று, ஒன்றை எடுத்துச் சேர்த்துவிடலாம் என்பது போல. நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

“எம்புட்டு?” என்றேன்.

“ஒம்பதுப்பா.”

“இங்க குடு.”

எண்ணினேன். ஒன்பது. மடியில் ஒவ்வொன்றாக வைத்து மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். முடிச்சு என் முடிச்சு. என் விரல் பத்து என்று சொல்லிக் கட்டிய கட்டு.

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. மீதி ஐந்து கட்டும் பச்சையாகவே வந்தன, நான் சரியாகக் கவனிக்கவில்லை. மகள் எல்லாரையும் டீ குடிக்கப் போகச் சொல்லிவிட்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“உன் புரோகிராம்ல அறுபத்து ரெண்டு தப்பு. என்கிட்ட ஒண்ணு” என்றேன்.

“அறுபத்து மூணுல ஒண்ணு எனக்கும் தப்பும்ப்பா.”

“உனக்குத் தப்புனா அது தப்பு. எனக்குத் தப்புனா அது என்னன்னு எப்படித் தெரியும்? பெரியப்பாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சிருக்கும்.”

அவள் உடனே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

“எனக்குத் தெரியலப்பா. நீங்க சொன்ன அத்தனையும் நான் மறதின்னு நெனச்சேன், தப்பு என் பக்கம் இருந்துச்சு. இப்ப இந்த ஒண்ணுக்கு நான் வாய விட மாட்டேன். தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லட்டும்.”

“உன் அண்ணன்கிட்டச் சொல்லு. மதுரைக்கு வாரேன்.”

“நீங்களே சொல்லுங்க.”

நானே சொன்னேன். மகன் அந்த வாரமே மதுரைக்குக் கூட்டிப்போனான். டாக்டர் இளவயசுக்காரர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், ஒரு கடிகாரம் வரையச் சொன்னார், மூன்று சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். கழித்தலை அவர் நிறுத்தச் சொன்ன பிறகும் நான் நிறுத்தவில்லை. சொற்களில் ஒன்று வரவில்லை. வயதுக்கு இது இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள், வேலையை மட்டும் விடாதீர்கள் என்றார். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மகன் நிம்மதியாகத் திரும்பினான். நான் பாதி நிம்மதியாகத் திரும்பினேன்.

அடுத்த வாரம் கொட்டகைக்குப் போனபோது என் மேசையில் இன்னொரு நாற்காலி கிடந்தது. அதில் மகாராஜபுரத்து அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

“காவல் போட்டிருக்கியா?” என்று மகளைக் கேட்டேன்.

“ஆஸ்பத்திரியில கேட்டேன்ப்பா. தியேட்டருக்குள்ள எப்பவும் ரெண்டு நர்ஸ்தான் எண்ணுவாங்களாம். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஒத்த ஆளு எண்ணுனத ஏத்துக்க மாட்டாங்களாம். உங்களுக்கு அவங்க காவல்னா, அவங்களுக்கு நீங்க காவல்.”

முறையை அவளே சொன்னாள். சிவப்பு விழுந்த கட்டைப் பிரித்து நடுவில் வைக்க வேண்டும். முதலில் ஒருவர் எண்ணி, சொல்லாமல் தள்ள வேண்டும். அடுத்தவர் எண்ண வேண்டும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தாற்போலச் சொல்ல வேண்டும். ஒத்துவந்தால்தான் கட்டலாம்.

முதல் கட்டை நான் எண்ண ஆரம்பித்தேன். மூன்று துண்டுகூடப் போயிருக்காது, அந்த அம்மா மேசையைத் தட்டினார்.

“ஐயா, உதட்ட ஆட்டாதீக.”

“ஆட்டினா என்ன?”

“உங்க உதட்டப் பாத்தா எனக்கு அந்த நம்பருதான் வாயில வரும். பொறவு நான் எதுக்கு எண்ணணும்? உங்க கணக்கு உங்களோட இருக்கட்டும்.”

துண்டுகளைத் திரும்ப அடுக்கினேன். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.